ஹேண்ட்பெல்லா, ஹேண்ட்சைமா? டர்பன் கரையோரச் சிறு குழுவுக்கு எது தாங்கும்

குழுவில் நாலு பேர், அதிகம் போனால் ஆறு பேர். இருப்பது தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், மெரெபேங்க், டொங்காட் மாதிரி கடல் காற்று படும் ஊர். வாசிக்கப் போவது தமிழ்க் கீர்த்தனை, பஜனை, கிறிஸ்துமஸ் காலத்து ஆங்கிலப் பாட்டு நாலைந்து. இப்படிப்பட்ட குழு வெண்கல ஹேண்ட்பெல் (கைமணி) வாங்குவதா, அலுமினிய ஹேண்ட்சைம் (கையில் பிடித்து அடிக்கும் குழாய்) வாங்குவதா என்று கேட்டால், சைம் வாங்குங்கள் என்பேன். நாங்கள் வாங்கியதும் அதுவே. ஒலியின் அழகில் மணிதான் மேல், அதில் வாதமே இல்லை. ஆனால் இந்த ஊரில் முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்பு.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணி வார்ப்பு வெண்கலம். ஏறக்குறைய 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். நாக்கு உள்ளே இருக்கும், முன்னும் பின்னும் மட்டும் ஆடும். சைம் என்பது சதுரக் குழாய். மேல்பாகத்தில் பிளவு வெட்டி, இசைக்கவை போல இரண்டு கிளையாக விட்டிருப்பார்கள். நாக்கு வெளியே பொருத்தியிருக்கும். மணியில் ஆதார சுரத்தோடு அதன் மேல்ஸ்தாயிப் பஞ்சமமும் சேர்ந்து கேட்கும்படி கடைந்திருப்பதால் அந்தக் கணீர் வருகிறது. சைமில் ஆதார சுரம் மட்டும் தூக்கலாக, மெத்தென்று வரும். இரண்டுமே எழுதியதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிப்பவை. சி5 என்று பொறித்ததை நோட்டுத் தாளில் நடு சி இடத்தில் எழுதுவார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மால்மார்க், ஷுல்மெரிக் இரண்டு நிறுவனங்களும் மணியும் சைமும் செய்கின்றன. ஜப்பானின் சுசுகி டோன்சைம் என்ற பெயரில் சைம் செய்கிறது. ஒரே வீச்சுள்ள தொகுப்புகளை ஒப்பிட்டால் சைம் விலை மணி விலையில் ஒரு பகுதிதான்.

இனி பராமரிப்பு. வெண்கலத்துக்குப் பகை மூன்று: விரல் வியர்வை, உப்புக் காற்று, கந்தகப் புகை. டர்பனில் மூன்றுக்கும் குறைவில்லை. டிசம்பரில் தொடங்கும் புழுக்கம் மார்ச் வரை விடாது. தெற்குத் தொழிற்பேட்டையை ஒட்டிய மெரெபேங்க், வென்ட்வொர்த் பக்கம் ஆலைப் புகையும் சேரும். வெறுங்கை பட்ட இடத்தில் சில நாளிலேயே விரல் ரேகை பழுப்பாக எழும்பும். உடனே துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் மேல்பரப்பை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கிவிடும், பிறகு எந்தத் துணிக்கும் வராது. உப்பு ஈரம் தங்கிய மூலைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும்.

இதற்காகத்தான் பருத்திக் கையுறை. ஜனவரி மாத ஒத்திகையில் அந்தக் கையுறையே தொல்லையாகிவிடும். அரைமணி நேரத்துக்குள் உள்ளங்கை நனையும். நனைந்த பருத்தி வியர்வையை அப்படியே மணிக்குக் கடத்தும். ஆளுக்கு இரண்டு ஜோடி வைத்துப் பாதியில் மாற்ற வேண்டும், ஒவ்வொரு ஒத்திகைக்குப் பின்னும் துவைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். மணிப்பெட்டியை மூடும்போது உள்ளே ஈரக் காற்று அடைபட்டால், தோல் கைப்பிடி உள்ள மணியென்றால் அதில் பூஞ்சை வரும். சிலிக்கா ஜெல் பை போடலாம். அதையும் அடிக்கடி சூடாக்கி உலர்த்தினால்தான் வேலை செய்யும்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். ஜி4 முதல் ஜி6 வரை இரண்டு ஸ்தாயித் தொகுப்பில் 25 மணி. ஒத்திகை முடிந்து உலர்ந்த துணியால் துடைக்க மணிக்கு ஒரு நிமிடம் வைத்தால் 25 நிமிடம். மாதம் ஒருமுறை பாலிஷ் துணி போட மணிக்கு நாலு நிமிடம் என்றால் 100 நிமிடம். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்குப் பன்னிரண்டரை நிமிடத்தில் முடியும். நாலு பேருக்கு ஆளுக்கு 25 நிமிடம். குழு சிறுத்தாலும் மணி எண்ணிக்கை அப்படியே இருக்கிறது, துடைக்கும் கைகள்தான் குறைகின்றன. வார நாட்களில் வேலைக்குப் போய்விட்டு வருகிறவர்களிடம் இதை மாதக்கணக்கில் எதிர்பார்க்க முடியாது. மூன்றாவது மாதமே யாராவது குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியை எடுத்துவிடுவார்கள். புளியும் எலுமிச்சையும் அமிலம்: மேல்பரப்பை உரித்துவிட்டு, கைப்பிடி சேரும் இடுக்கில் ஈரமாகத் தங்கி அங்கிருந்தே அரிக்கத் தொடங்கும். விபூதி நுண்ணிய அரம் மாதிரி. மணியின் சுரம் அதன் சுவர்க் கனத்தில் இருக்கிறது. வருடக்கணக்கில் உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே போவது நல்லதல்ல. திரவ பாலிஷ் போட்டே ஆக வேண்டுமென்றால் துணியில் ஒரு சொட்டு மட்டும். கைப்பிடியிலும் நாக்கின் ஃபெல்ட்டிலும் படவே கூடாது.

பளபளப்புப் போனால் போகட்டும் என்று இருப்பவர்களும் உள்ளே இருப்பதை அப்படி விட முடியாது. நாக்கின் இருபுறமும் அதைத் தாங்கும் ஸ்பிரிங் உண்டு. அது தளர்ந்தால் கையைப் பின்னால் இழுக்கும்போது நாக்கு இரண்டாம் முறை அடித்துவிடும். இறுகினால் மெதுவாக வாசிக்கையில் ஒலியே வராது. சரிசெய்யத் திருகைக் கால் சுற்று மட்டும் திருப்பி, அடித்துப் பார்த்து, மறுபடி கால் சுற்று. நாக்கின் தலையில் மென்மை, நடுத்தரம், கடினம் என்று நிலைகள் உண்டு. பக்கத்து மணிகள் வேறுவேறு நிலையில் இருந்தால் மெட்டில் ஒரு சுரம் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். கைப்பிடியை வார்ப்போடு பிணைக்கும் போல்ட் தளர்ந்தால் 'ர்ர்' என்று அதிரும். எல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் ஒரு ஸ்பிரிங் உடைந்தால் உதிரிபாகம் பென்சில்வேனியாவிலிருந்து வர வேண்டும்: கப்பல் அல்லது விமானச் செலவு, சுங்கம், அதன்மேல் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி (வாட்). அதுவரை அந்தச் சுரம் குழுவில் இல்லை.

சைமுக்கு இத்தனை இல்லை. அலுமினியத்தின்மேல் அனோடைஸ் பூச்சு (கெட்டியான ஆக்சைடுப் படலம்) இருப்பதால் கையுறை தேவையில்லை. முடிந்ததும் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு; 12 குழாய்க்கு ஐந்து நிமிடம் போதும். மாதம் ஒருமுறை நாக்கின் ரப்பர் முனை கெட்டியாகிவிட்டதா, திருகு துருப்பிடிக்கிறதா என்று பார்த்தால் சரி. கவலைப்பட வேண்டியது ஒன்றே ஒன்று, கீழே விழுவது. கிளை வளைந்தால் சுரம் போய்விடும், வீட்டில் நிமிர்த்தக் கூடாது. ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல், பெட்டியில் அதனதன் பள்ளத்தில் வையுங்கள். பூச்சில் ஆழமான கீறல் விழுந்தால் கடல் காற்றில் அந்த இடத்தில் புள்ளி புள்ளியாக அரிக்கும்.

மணி வெல்லும் இடத்தையும் சொல்லியாக வேண்டும். நாக்கு முன்னும் பின்னும் மட்டுமே ஆடுவதால், ஒரு கையில் இரண்டு மணியை ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பிடித்து, முன்னால் வீசினால் ஒன்று, பக்கவாட்டில் தட்டினால் மற்றொன்று என்று அடிக்கலாம். நாலு பேர் 16 சுரத்தைக் கையில் வைத்திருக்கலாம். சிறு குழுவுக்கு இது பெரிய வரம். சைமில் சிறிய குழாய்களில் மட்டும் இது ஓரளவு நடக்கும். மணியை நாலு அங்குல ஃபோம் விரித்த மேசையில் அழுத்தி அடிப்பது, நாக்கை விரலால் சுண்டுவது, தொடர்ந்து உலுக்குவது எல்லாம் மணிக்கே உரியவை. சைமை மேசையில் அடிக்கவே கூடாது. விறுவிறுப்பான பாட்டுதான் உங்கள் குழுவின் உயிர் என்றால் மேலே சொன்ன பராமரிப்பு அத்தனையையும் ஏற்றுக்கொண்டு மணியே வாங்குங்கள்.

தமிழ்ப் பாட்டுக்குச் சைம் போதுமா என்றால், பாட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் பங்கிடுவதிலும் இருக்கிறது. இரண்டிலுமே கமகம் (சுரத்தை அசைத்து இழுப்பது) வராது. தோடி, சகானா பக்கம் போக வேண்டாம். மோகனம், ஹம்சத்வனி, சுத்த சாவேரி, சங்கராபரணம் இவற்றில் சுரம் நேராக நிற்கும் மெட்டுகளை எடுங்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியங்கள் மேற்கத்திய மெட்டுக்குச் சமஸ்கிருத வரிகள் போட்டவை என்பதால் அப்படியே கைக்கு அடங்கும்.

முழு 25 வேண்டாம். இந்த 12 குழாய் போதும்: ஜி4, ஏ4, பி4, சி5, டி5, ஈ5, எஃப்5, எஃப் ஷார்ப்5, ஜி5, ஏ5, பி5, சி6. இதில் ஒரு கட்டைச் சுருதிக்கும் (சி-யில் சட்ஜம்) ஐந்து கட்டைச் சுருதிக்கும் (ஜி-யில் சட்ஜம்) சங்கராபரணம் முழுதாகக் கிடைக்கிறது. ஆண் குரலுக்கு ஒன்று, பெண் குரலுக்கு ஐந்து என்று மாற்றிக்கொள்ளலாம். மேலே சொன்ன மற்ற மூன்று ராகங்களும் இதற்குள்ளேயே வந்துவிடும். ஒரு கட்டையில் எஃப், ஐந்து கட்டையில் எஃப் ஷார்ப். இரண்டும் ஒரே பாட்டில் சேராததால் ஒரே ஆளிடம் கொடுத்துவிடலாம்.

நாலு பேருக்கு மோகனம் இன்னும் வசதி. ஒரு கட்டையில் பங்கீடு இப்படி: முதல் ஆளுக்குக் கீழ்ஸ்தாயி ப, த (ஜி4, ஏ4). இரண்டாமவருக்கு ச, ரி. மூன்றாமவருக்கு க, ப. நாலாமவருக்கு த, மேல் ச. எட்டுக் குழாய், எட்டுக் கை, மாற்றிப் பிடிக்கும் வேலையே இல்லை. ஐந்து கட்டையில் அதே வரிசை ச-ரி, க-ப, த-ச, ரி-க என்று வரும். ஒரு கட்டைப் பங்கீட்டில் மெட்டின் பாரம் இரண்டாம், மூன்றாம் ஆள்மேல் விழும். தாளம் நிற்காதவர்களை அங்கே நிறுத்தாதீர்கள்.

ஒரு கட்டையில் சுருதிக்குக் கீழ்ப் பஞ்சமம் மட்டும் போதும். ஆதி தாளத்தில் முதல் எண்ணிக்கையிலும் ஐந்தாவதிலும் ஜி4. சட்ஜத்தையும் சேர்த்து இழுத்தால் மெட்டிலுள்ள அதே சி5 குழாய் மாட்டிக்கொள்ளும். அடக்குவதில் சோம்பல் வேண்டாம். சைமின் நாதம் நீளம். ரி அடங்குமுன் க வந்தால் இரண்டும் மோதும். அடுத்த சுரம் ஒலிக்கும் அதே கணத்தில் முந்தையதைத் தோளில் சாய்க்க வேண்டும். நாக்கு போய்ப் படக் கொஞ்சம் நேரம் ஆவதால் கை தாளத்துக்கு ஒரு இம்மி முன்னால் புறப்பட வேண்டும். ஒரே சுரம் இரட்டையாக விரைந்து வரும் இடத்தில் இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை நீட்டிவிடுங்கள்; பாடுகிறவர் குரல் அதை நிரப்பிவிடும்.

நாலு பேர் சங்கராபரணம் எடுத்தால் மூன்று குழாய் மேசையில் கிடக்கும். நிமிடத்துக்கு 72 தட்டு வேகத்தில், ஒன்றை வைத்து இன்னொன்றை எடுக்க இரண்டு தட்டு ஒதுக்கி எழுதுங்கள். கடைசியாக அடித்த குழாயையே கீழே வைத்தால் அதன் நாதம் அங்கேயே அறுந்துவிடும். அதனால் எடுப்பதற்கு முன் வரும் சுரம் மற்றக் கையில் விழும்படி பங்கிட வேண்டும்.

இந்தத் தீர்ப்பு கரையோரத்துக்கும் ஆறு பேருக்குள்ளும்தான். ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய லெனேஷியா, பிரிட்டோரியாவின் லாடியம் பக்கம் குளிர்காலம் வறண்டது, கடலும் தொலைவில். அங்கே வெண்கலத்தின் பாடு இவ்வளவு இல்லை. எட்டுப் பேர் சேர்ந்துவிட்டாலும் நான் இவ்வளவு உறுதியாகச் சைம் என்று சொல்லமாட்டேன். ஏதாவது தேவாலயத்தில் பழைய மணித் தொகுப்பு மலிவாக வருகிறதென்றால் வாங்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் கையில் எடுங்கள். வெளிக்கறையைப் பார்த்து மிரள வேண்டாம். விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் வருடுங்கள். மெதுவாக ஒருமுறை, ஓங்கி ஒருமுறை அடித்து இரட்டை அடி விழுகிறதா கேளுங்கள். கைப்பிடியை அசைத்து போல்ட் ஆடுகிறதா பாருங்கள். விரிசல் விட்ட மணி இரண்டு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தச் சுரத்துக்குப் புதிதாக வார்த்து வரவழைக்கும் செலவை சைம் விலையோடு வைத்துப் பாருங்கள்.