முருகன்குறிச்சி பங்குத் தரகு அலுவலகம்: நம்பிப் போகலாம்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் மாடியில் இருக்கும் சின்ன அலுவலகம். 2024 ஆகஸ்ட் 5 அன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 2,222 புள்ளிகள் சரிந்தபோது, பதறிப்போய் வந்தவர்களை அங்கிருக்கும் அம்மா உட்காரவைத்து, வெள்ளைத் தாளில் அம்புக்குறி போட்டு விளக்கினார். ஜப்பானில் மலிவு வட்டிக்கு யென் கடன் வாங்கி மற்ற நாட்டுச் சந்தைகளில் போட்டவர்கள், ஜப்பானில் வட்டி 0.25 சதவீதமாக உயர்ந்து யென் மதிப்பும் ஏறியதும், கடனை அடைக்கக் கையிலிருந்த பங்குகளை விற்றுத் தள்ளினார்கள். அமெரிக்க வேலைவாய்ப்புக் கணக்கும் சோர்ந்திருந்தது. ஜப்பான் பங்குக் குறியீடான நிக்கேய் அன்றே 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

“உங்கள் கம்பெனி கெட்டுப்போகவில்லை அண்ணாச்சி, விற்றவருக்குத்தான் பணமுடை” என்றார். கமிஷனுக்காக விற்கச் சொல்லவே இல்லை. அந்த நேர்மை பெரிது. என் தங்கைக்கும் அங்கேதான் பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் டீமேட் கணக்கு தொடங்கினோம். பங்கு வாங்கி விற்கும் கைபேசிச் செயலிகளைவிடத் தரகு கூடுதல்தான். படி செங்குத்து, முதியவர்கள் துணையோடு போகவும்.