திருநீறு அழுக்கல்ல: மேலமாசி வீதிப் பக்கம் ஒரு பழைய போட்டோ கடை

மதுரை மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஜவுளிக் குடோனுக்கு மேல் மாடியில் இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. ‘பழைய போட்டோ புதுப்பித்துத் தரப்படும்’ என்று படிக்கட்டுச் சுவரில் பெயிண்டில் எழுதியிருப்பதுதான் அடையாளம். வண்டி நிறுத்த இடமில்லை, படிகள் செங்குத்து. மூட்டு வலிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளை அனுப்புவது நல்லது.

நான் கொடுத்தது தாத்தாவின் வகுப்பு போட்டோ. திருச்சி செயின்ட் ஜோசப் பள்ளி, ஃபோர்த் பாரம், 1922. இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு. முன்வரிசையில் ஒரு பையன் மடியில் வைத்திருக்கும் சிலேட்டில் வகுப்பும் வருடமும் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. படத்தின் மேல் மூலையைப் பூச்சி தின்றிருந்தது. இருட்டான இடங்களில் எல்லாம் நீலமாக ஒரு வெள்ளிப் பளபளப்பு ஏறியிருந்தது. கீழ்ப்பாதி ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்தது.

கடைக்காரத் தம்பி அதைப் பிய்க்கவில்லை. இதற்கே அவருக்குத் தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம். பிய்த்தால் படத்தின் மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடே மேஜைமேல் வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்துக் கேமராவில் எடுத்தார். பிரதிபலிப்பு ஒரு பொட்டுகூட விழவில்லை. பெரிதாக்கிக் காட்டியபோது படத்திலிருக்கும் கத்தோலிக்கச் சாமியாரின் தாடியில் ஒவ்வொரு இழையும் தெரிந்தது, நாற்காலிக் காலடியில் கிடந்த சருகு உட்பட.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. ‘ரெடிம்மா’ என்று வாட்ஸ்அப்பில் வந்த படத்தைத் திறந்தால், பளிச்சென்று இருக்கிறது, ஆனால் தாத்தாவின் நெற்றியில் திருநீற்றைக் காணோம். அவர் மட்டுமில்லை, பின்வரிசையில் நாமம் போட்டிருந்த இரண்டு பேர் நெற்றியும் துடைத்துவிட்ட மாதிரி. குங்குமப் பொட்டுகள் போயே போச்சு. முன்தலை மழித்த குடுமிப் பையன்களுக்கு முடி முளைத்திருந்தது. வெறுங்காலோடு சம்மணமிட்டிருந்த ஒருவனுக்கு ஷூ! எல்லாம் சாஃப்ட்வேர் பார்த்த வேலை. வெள்ளையாக இருந்தால் கீறல், கறுப்பாக இருந்தால் கறை என்று அதற்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

நேரில் போய்க் கேட்டேன். ‘கறைன்னு நெனச்சிட்டேம்மா’ என்றார் தம்பி. சரி, அவர் வயதுக்கு இது தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதனால் உட்கார்ந்து சொன்னேன். ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டார், நடுவில் டீயும் வாங்கித் தந்தார்.

நான் சொன்னதைச் சுருக்கமாக இங்கேயும் எழுதிவிடுகிறேன். இப்படிப்பட்ட போட்டோ நிறைய வீடுகளில் இருக்கிறது, கடைக்குக் கொண்டுபோகும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

செயின்ட் ஜோசப், பிரெஞ்சு சேசு சபை (ஜெசுயிட்) குருக்கள் நடத்திய நிறுவனம். 1844ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883ல் திருச்சிக்கு வந்தது. அங்கே இரண்டு வகைப் பையன்கள். ஒன்று போர்டிங்: பெரும்பாலும் கத்தோலிக்கப் பிள்ளைகள். விடியற்காலை மணி, லத்தீனில் பூசை, அப்புறம் வாய்திறக்காமல் படிப்பு. இன்னொன்று டே-ஸ்காலர். டவுனிலிருந்தும் உறவினர் வீடுகளிலிருந்தும் வந்துபோகிறவர்கள், இதில் இந்துப் பிள்ளைகள் ஏராளம். ஞானோபதேச வகுப்பு கத்தோலிக்கருக்கு, அந்த நேரத்தில் மற்றவர்களுக்கு நீதிபோதனை.

தாத்தா டே-ஸ்காலர். மதுரைக்காரப் பையன் திருச்சியில் எப்படி என்றால், அத்தை வீட்டுக்காரர் தென்னிந்திய ரயில்வேயில் குமாஸ்தா. ‘சாமியார் போர்டிங்கில் என் பிள்ளை சாப்பிட மாட்டான்’ என்று பூட்டி (தாத்தாவின் அம்மா) ஒரே பிடியாக நின்றதால் அத்தை வீட்டில் சோறு, சாமியாரிடம் படிப்பு என்று ஏற்பாடாயிற்று. போர்டிங் பையன்களின் கடிதங்களை மேலதிகாரி படித்துவிட்டுத்தான் அனுப்புவாராம். அதனால் வீட்டுக்கு ரகசியமாக எழுத வேண்டியதை டே-ஸ்காலரிடம் கொடுத்து வெளியே தபால் பெட்டியில் போடச் சொல்வார்களாம். கூலி கிடையாது, ஆனால் கணக்கு வீட்டுப்பாடம் நடந்துவிடும்! தாத்தா கணக்கில் கடைசிவரை சுமார்தான்.

இந்தப் போட்டோவில் யார் போர்டிங், யார் வீட்டிலிருந்து வருகிறவன் என்று தெரிய, பின்னால் பெயர்ப்பட்டியல் எதுவும் இல்லை. நெற்றியும் கழுத்தும்தான் சாட்சி. பட்டையும் பொட்டும் உள்ளவன் இந்து வீட்டுப் பிள்ளை. கழுத்தில் மெல்லிய கயிறு தெரிந்து, அதன் முனையில் சின்னத் துணிச் சதுரம் சட்டைக்கு வெளியே வந்திருந்தால் அது கத்தோலிக்கர் அணியும் உத்தரியம். இதைக் காட்டித் தந்தது எங்கள் எதிர்வீட்டு அக்கா. கத்தோலிக்கக் குடும்பம், சொந்த ஊர் திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளம் பக்கம். சாஃப்ட்வேர் அந்தக் கயிறுகளையும் கீறல் என்று அழித்திருந்தது.

அக்கா இன்னொன்றும் சொன்னார்: ‘போர்டிங்னா எல்லாரும் ஒரே பந்தின்னு நினைச்சுக்காதீங்க.’ அவர் ஊர்க் கதையே அதற்குச் சாட்சி. வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலில் சாதிக்கு ஒரு பக்கம் என்று உட்கார வைத்து நடுவில் தடுத்திருந்தார்கள். கோசானல் சாமியார் அந்தத் தடுப்பை எடுத்தது 1910ல். எதிர்த்தவர்கள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். தாத்தாவின் போட்டோவுக்குப் பன்னிரண்டே வருடம் முந்தைய கதை. பூட்டி தன் பிள்ளைக்குப் போட்ட அதே கணக்கை ஞானஸ்நானம் பெற்ற வீடுகளும் போட்டன என்பதுதான் எனக்கு வேடிக்கை. பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது இந்தப் படத்தில் தெரியாது, நெற்றியும் கழுத்தும் மட்டும் தெரியும். அதையும் அழித்துவிட்டால் எல்லாரும் ஒரே மாதிரிப் பையன்கள் ஆகிவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொய்.

தம்பி கலர் போட்டுத் தருவதாகவும் சொன்னார், தனிக் கட்டணம். வேண்டாம் என்றேன், நீங்களும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். அந்தக் காலக் கண்ணாடி நெகட்டிவில் பெரும்பாலானவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். குங்குமம் கறுப்புப் புள்ளியாகத் தெரிவது அதனால்தான். வாத்தியாரின் தலைப்பாகை கறுப்பா சிவப்பா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மாதிரிக்குக் காட்டிய கலர் படத்தில் சாமியாரின் வெள்ளை அங்கி வெளிர்நீலமாகி இருந்தது.

கடைசியாக வந்த பிரதிக்கு நான் முழு மதிப்பெண் தருகிறேன். இந்த முறை சாஃப்ட்வேரைப் பூச்சி தின்ற மூலைக்கும் வெள்ளிப் பளபளப்புக்கும் மட்டும் பயன்படுத்தி, மற்றதைக் கையாலேயே செய்திருக்கிறார். திருநீறு வந்துவிட்டது. உத்தரியக் கயிறு வந்துவிட்டது. இரண்டாம் வரிசையில் ஒரு பையன் தலையை ஆட்டிவிட்டதால் முகம் கலைந்திருக்கும். முதல் தடவை அங்கே யாரோ ஒரு சினிமா முகம் முளைத்திருந்தது. இப்போது கலைந்தது கலைந்தபடியே இருக்கிறது, அப்படித்தான் இருக்க வேண்டும்.

செலவு: படம் எடுக்க 250, புதுப்பிக்க 1,500, 12க்கு 15 இஞ்ச் மேட் பிரிண்ட் 450. மறுபடி செய்ததற்குத் தனியாகக் கேட்கவில்லை. புதுப்பிக்காத மூலப்படத்தையும் பென்டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருகிறார், தானாகத் தருவதில்லை. அதுவும் ஜேபெக் (JPEG) ஃபைலாக இல்லாமல் டிஃப் (TIFF) ஃபைலாக வாங்குங்கள்.

சொன்ன தேதிக்கு வேலை முடியாது, அரை நட்சத்திரம் அதற்குக் குறைத்துக்கொள்கிறேன். முகூர்த்த மாதங்களில் கல்யாண ஆல்பம் வேலை அதிகம், அப்போது கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது எதைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி, போட்டோவோடு சேர்த்துக் கவரில் வையுங்கள். என் தாள் இப்போது அவர் கம்ப்யூட்டர் ஓரத்தில் செலோடேப்பில் ஒட்டியிருக்கிறது. அதில் முதல் வரி ‘திருநீறு, நாமம், பொட்டு, கயிறு: தொடாதே’. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை.