மழையைப் பதியும் பெட்டி, மழை தெரியாத பெட்டி

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே இரண்டு டிகோடர்கள், அதாவது சாட்டிலைட் டிவிப் பெட்டிகள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இடது பக்கம் இருப்பது 2015இல் வந்தது. உள்ளே 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். வலது பக்கம் இருப்பது 2021இல் வந்தது. 4கே படம் காட்டும், டிஸ்க் கிடையாது, பதிவெல்லாம் கிளவுடில், அதாவது இணையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிறுவனத்துக் கம்பியூட்டரில். இரண்டுக்கும் மாதாமாதம் காசு கட்டுகிறேன். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் "ஏன்யா, ஒண்ணு போதாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் பசியாற உட்காருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில். அதற்கு முன்னால் தோட்டத்து லயத்தில் இருந்தோம். அம்மா முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். விடியற்காலை நாலரைக்கு எழுந்து பழகிய உடம்பு, வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் அதே நேரத்துக்கு எழுந்துவிடுகிறது. இரவு ஒன்பது அடிப்பதற்குள் கண் சொருகிவிடும். அவர் பார்க்கும் நாடகங்களோ ஒன்பதுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். இன்றிரவு நடந்ததை நாளைக் காலை கோப்பியோடு பார்ப்பதுதான் அவர் வழக்கம். ஆகவே டிகோடரில் பதிவு வசதி எங்கள் வீட்டில் அரிசிப்பானை மாதிரி, இல்லாமல் பொழுது விடியாது.

பதிவு என்பது எங்களுக்குப் புதிதும் அல்ல. அப்பா வீடியோ கேசட்டில், அரசாங்க டிவியான ஆர்டிஎம்மில் வந்த தமிழ்ப் படங்களைப் பதிந்தவர். 180 நிமிட நாடாவில் விளம்பரத்தோடு சேர்த்துப் படத்தைப் பதிந்தால் கடைசிப் பத்து நிமிடம் இடமில்லாமல் போகும். வில்லன் செத்தானா என்று தெரியாமலேயே நான் பார்த்து வளர்ந்த படங்கள் ஒரு டசன் இருக்கும். ஹார்ட் டிஸ்கில் பதியும் பெட்டி அமெரிக்காவில் 1999இல் டிவோ, ரீப்ளே டிவி என்று வந்தபோது, முதல் டிவோவில் 14 மணி நேரம்தான் பிடித்தது. அதைப் படித்துவிட்டு அப்பா, "நாலஞ்சு கேசட்டு ஒரு பொட்டியிலயா?" என்று வாயைப் பிளக்கவில்லை, "டிஸ்க் போச்சுன்னா எல்லாம் போச்சே" என்றுதான் சொன்னார். அந்த வாய் முகூர்த்தம் பலித்த கதை பின்னால் வருகிறது.

முதலில் பழைய பெட்டியைப் பற்றி. சாட்டிலைட்டிலிருந்து வரும் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. பெட்டி அதை அப்படியே அள்ளி டிஸ்கில் எழுதிக்கொள்கிறது. பிரித்துத் திரும்பச் சுருக்குவது கிடையாது. அதனால்தான் பதிவுக்கும் நேரலைக்கும் தரத்தில் வித்தியாசமே தெரியாது. ஒரு எச்டி சேனல் விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜிபி. 500 ஜிபியில் ஏறத்தாழ 138 மணி நேரம், பெட்டி தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்வதைக் கழித்தால் இன்னும் குறைவு. அம்மாவுக்கு ஐந்து நாடகம், அரை அரை மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். பார்த்ததை அழிக்காமல் விட்டால் ஒன்பது வாரத்தில் பெட்டி நிரம்பிவிடும். அம்மா அழிக்க மாட்டார். "மறுபடி பாக்கலாம்ல" என்பார். பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அழிக்கும் வேலை என்னுடையது, அதுவும் அவர் கோயிலுக்குப் போன பிறகு.

பழையதில் எனக்கு இன்றும் பிடித்தது அதன் வேகம். ரெமோட்டில் ஓட்டு என்றால் ஓடும், நில் என்றால் அந்த இடத்திலேயே நிற்கும். விளம்பரத்தைத் தாண்டுவதில் அம்மாவின் கட்டை விரல் பழக்கம் தனி. மூன்று அழுத்து, ஒரு நிறுத்து, சரியாக நாடகம் திரும்பத் தொடங்கும் இடத்தில் வந்து நிற்பார். புதிய பெட்டியில் பதிவு எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. ஓட்டு என்று அழுத்தினால் இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுத்தான் ஓடுகிறது. அம்மா அதற்குள் இன்னும் இரண்டு அழுத்து அழுத்திவிடுவார். அது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே தாவாகத் தாவி, மருமகள் விஷம் கலந்த காட்சியைத் தாண்டி ஆஸ்பத்திரிக் காட்சியில் கொண்டுபோய் விடும். "இந்தப் பொட்டி நம்ம சொல்ற பேச்ச கேக்காதுய்யா" என்பது அவர் தீர்ப்பு.

பழையதன் தொல்லைகளும் சின்னவை அல்ல. அதில் சேனலைப் பிடிக்கும் டியூனர் இரண்டு. ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சி பதியும். அப்போது மூன்றாவது சேனலுக்குப் போக முடியாது. சனிக்கிழமை இரவு அம்மாவுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று பதிவாகிக்கொண்டிருக்கும்போது எனக்குப் பந்தாட்டம் கிடையாது. கூரையில் உள்ள சாட்டிலைட் தட்டிலிருந்து இரண்டு கேபிள் இறக்க வேண்டும். அதில் ஒன்றை எலி கடித்துவிட்டால், பாதி சேனல் வரும் பாதி வராது, காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம். டிஸ்க் இரவு பகலாகச் சுற்றுகிறது, பெட்டியைத் தூங்க வைத்தாலும். பிளக்கில் மாட்டும் மீட்டர் வைத்துப் பார்த்தேன்: 22 வாட். மாதத்துக்கு ஏறத்தாழ 16 யூனிட். அந்தச் சூட்டுக்காக எங்கள் வீட்டுப் பூனை மழைக்காலத்தில் அதன் மேல்தான் படுக்கும். காற்றுத் துளைகளில் பூனை முடி அடைத்து ஒரு முறை படம் உறைந்து போனதைப் பழுதுபார்க்க வந்த தம்பி கண்டுபிடித்தார். ஒரு பிரஷால் தட்டிவிட்டு 50 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் தொடர் பதிவு. ஒரு நாடகத்துக்கு ஒரு முறை சொல்லி வைத்தால் தினமும் தானாகப் பதியும் வசதி. இதில் பெட்டி பார்ப்பது நிகழ்ச்சி அட்டவணையில் இருக்கும் பெயரை. இரண்டு நாடகத்தைச் சேர்த்து ஒரு மணி நேர "மகா சங்கமம்" போடுகிறார்கள் பாருங்கள், அந்த வாரம் அட்டவணையில் பெயர் மாறிவிடும். பெட்டிக்கு அது வேறு நிகழ்ச்சி. ஒரு வாரம் முழுக்க ஒன்றும் பதியாது. கதை முற்றுவது அந்த வாரத்தில்தான். இந்தக் குறை பழையதிலும் உண்டு, புதியதிலும் உண்டு. சங்கமம் என்று விளம்பரத்தில் கேட்டவுடனே அட்டவணைக்குப் போய்க் கையால் பதிவு போட்டுவிடுங்கள். இந்த ஒரு வரிக்காகவாவது யாராவது எனக்கு நன்றி சொல்வார்கள்.

இனி மழை. பேராக்கில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சாயங்காலம் நாலு மணிக்கு மலைப் பக்கம் கறுத்தால் ஆறு மணிக்குள் கொட்டிவிடும். சாட்டிலைட் டிவி வருவது கேயூ அலைவரிசையில். கன மழையின் நீர்த்துளிகள் அந்த அலையை வழியிலேயே தின்றுவிடும். படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுபோகும். பழைய பெட்டி இந்தச் சிதறலையும் ஒழுங்காகப் பதிந்து வைக்கும். மறுநாள் காலை அம்மா நாடகத்தைப் போட்டால் முதல் பத்து நிமிடம் நேற்றைய மழைதான் ஓடும். கரண்டு போனால் அதுவும் இல்லை.

புதிய பெட்டியில் பதிவு நடப்பது ஒளிபரப்பு நிலையத்துப் பக்கத்தில். என் கூரையில் மழை பெய்ததா, என் வீட்டில் கரண்டு இருந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. முதல் முறை பேய் மழைக்கு மறுநாள் கிளவுட் பதிவைப் போட்டுப் பார்த்தபோது ஒரு கட்டம்கூட உடையாமல் ஓடியதை நான் நம்பவே இல்லை. டியூனர் தகராறும் இல்லை. நாலு நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் பதியச் சொல்லிவிட்டு நான் நிம்மதியாகப் பந்து பார்க்கிறேன். பாதியில் வந்து உட்கார்ந்தாலும் நிகழ்ச்சியை ஆரம்பத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். பெட்டி சூடாவதில்லை, சத்தம் இல்லை. பூனைக்குத்தான் நட்டம்.

வசதியை மட்டும் பார்த்தால் புதியதற்கே ஓட்டு. ஆனால் அதற்கு இணையம் வேண்டும். எச்டியில் ஒரு மணி நேரம் பார்த்தால் இரண்டரை, மூன்று ஜிபி போகும். தாமானில் ஃபைபர் இருப்பதால் எனக்குக் கவலையில்லை. தோட்டத்து உள்ளே இருக்கும் என் அத்தை வீட்டில் இன்னும் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, சில நாள் அரைக் கோடு. புதிய பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு, பதிவைப் போட்டால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று போன் போட்டார். "அத்தே, பழசையே திரும்பக் கேட்டு வாங்கிக்குங்க" என்றேன். தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்றைக்கும் நான் சொல்வது அதுதான்.

இன்னொன்று, கிளவுடில் இருப்பதற்குக் கெடு உண்டு. போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சி ஒன்றைப் பதிந்து, விருந்தாளிகள் தொல்லை ஓய்ந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். சில மாதம் கழித்துத் தேடினால் பட்டியலில் இல்லை. நான் அழிக்கவில்லை, அதுவாகவே போய்விட்டது. போன் செய்து கேட்டதற்கு, காலம் முடிந்தது என்று பணிவாகப் பதில் வந்தது.

வீட்டில் டிவியைப் பதிந்து பிறகு பார்ப்பது திருட்டு ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல், சோனியின் பேட்டாமேக்ஸ் வீடியோ ரெக்கார்டர் பற்றிய வழக்கில் சொன்னது. கேபிள் நிறுவனத்தின் கம்பியூட்டரில் வாடிக்கையாளருக்காகப் பதிந்து வைக்கும் முறையை அங்கே ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல்தான் அனுமதித்தது. இப்போது நாம் வைத்திருக்கும் கிளவுட் பெட்டிகளின் மூத்த அண்ணன் அது. டிவோவோ 2025இல் பெட்டி விற்பதையே நிறுத்திவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று இதிலேயே தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு, பழைய பெட்டியில் பதிந்தது என்றென்றைக்கும் உங்களுடையது என்று எண்ணிவிடாதீர்கள். 2015 பெட்டிக்கு முன்னால் 2011இல் வாங்கிய ஒன்று இருந்தது. 2014 அக்டோபரில் ஒரு சாயங்கால இடி. டிவி, மோடம், டிகோடர் மூன்றும் ஒன்றாகப் போயின. டிஸ்காவது பிழைத்திருக்கும் என்று என் அக்காள் மகன் பெட்டியைத் திறந்து, டிஸ்கை எடுத்துக் கம்பியூட்டரில் மாட்டினான். டிஸ்க் சுற்றியது. கம்பியூட்டரோ "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்டது. உள்ளே இருப்பதெல்லாம் பூட்டுப் போட்டுப் பதியப்பட்டவை. சாவி அந்தப் பெட்டியிலும் அதில் செருகியிருக்கும் சந்தா அட்டையிலும் இருக்கிறது. பெட்டி செத்தால் சாவியும் செத்தது. தொண்ணூறு மணி நேரத்துக்கு மேல் போனது. இடி முழங்கினால் பிளக்கோடு கேபிளையும் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றி ஏமாந்தவன் சொல்கிறேன்.

உண்மையாகவே கையில் நிற்கும் பதிவு வேண்டுமென்றால் இலவச டிவிப் பக்கம்தான் போக வேண்டும். 2019 அக்டோபர் 31ஆம் தேதியோடு நாடு முழுக்க அனலாக் ஒளிபரப்பு நின்று டிஜிட்டல் வந்தது. அதற்கான ஒரு டிகோடர் என்னிடம் உண்டு. பின்னால் யுஎஸ்பி ஓட்டை. பென்டிரைவைச் செருகினால் பதியும், அதை அப்படியே லேப்டாப்பிலும் போட்டுப் பார்க்கலாம். நான் ஆரம்பத்தில் மாட்டியது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய மலிவுச் சரக்கு. எழுதும் வேகம் போதாமல் செய்தி வாசிப்பவர் விக்கி விக்கி வாசித்தார். பழைய லேப்டாப் டிஸ்கை மாட்டிய பிறகு சரியானது. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்திருந்தால் 4 ஜிபிக்கு ஒரு துண்டாக வெட்டும், பயப்பட வேண்டாம். அம்மாவின் நாடகங்கள் அதில் வராது என்பதால் வீட்டில் அதற்கு மரியாதை இல்லை.

சரி, பழையதற்கு ஏன் இன்னும் காசு கட்டுகிறேன் என்ற கேள்விக்கு வருகிறேன். 2017இல் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்த பட்டிமன்றத்துக்கு அப்பா தன் கூட்டாளிகளோடு போயிருந்தார். பிறகு அது டிவியில் வந்தபோது பதிந்து வைத்தோம். நாற்பத்து மூன்றாவது நிமிடத்தில் கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பும். மூன்றாவது வரிசையில் அப்பா, சட்டைப் பையில் சீப்பு, பக்கத்தில் இருப்பவர் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். எட்டு விநாடி. 2019இல் அப்பா தவறிவிட்டார். அவர் சிரித்து நகர்கிற படம் வேறு எதுவும் எங்களிடம் இல்லை; கல்யாண வீடியோக்களில் எல்லாம் அவர் சமையல்கட்டுப் பக்கம் இருந்திருக்கிறார்.

அதை வெளியே எடுக்க எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன். டிவிக்குப் படம் போகும் எச்டிஎம்ஐ கம்பி வழியாகப் பிடிக்கப் பார்த்தால் அங்கேயும் பூட்டு, திரை கறுப்பாகிவிடும். சந்தாவை நிறுத்தினால் அட்டை செயலிழந்து பதிவும் திறக்காது என்றார்கள். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியை நாற்காலி மேல் நிறுத்தி டிவியையே படம் பிடித்தேன். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். "கோடு கோடா இருக்குய்யா. பொட்டியில போடு" என்றார்.

இப்போது அந்த டிஸ்க் இரவில் லேசாக 'டிக் டிக்' என்கிறது. அதில் புதிதாக எதையும் பதிவதில்லை. நாடகங்களை எல்லாம் புதிய பெட்டிக்கு மாற்றிவிட்டேன். பெட்டிக்குக் கீழே நாலு மூலையிலும் பாட்டில் மூடி வைத்து உயர்த்தி, 12 வெள்ளிக்கு ஒரு யுஎஸ்பி விசிறி வாங்கி ஓட விட்டிருக்கிறேன். பூனையை அண்ட விடுவதில்லை. அப்பா திதிக்கும் தீபாவளிக்கும் மட்டும் அதைப் போடுகிறோம். விளம்பரம் எதுவும் ஓட்டாமல், முதல் நிமிடத்திலிருந்து.