ஆறு வருஷ மல்லிச் செடி: ஒரு தை மாதத்துக் கணக்கு

பொங்கலுக்கு முதல் நாள் தெருமுனையில் 100 ரூபாய் கொடுத்து ஒரு முழம் மல்லி வாங்கினேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு கேட்டைத் திறந்தால், இரண்டு பக்கமும் என்னுடைய மூன்று மல்லிச் செடிகள் நிற்கின்றன. பெயருக்குக்கூட ஒரு மொட்டு இல்லை. அந்த வாரம் பார்த்துத்தான் அலுவலகத்தில் ஒரு தங்கை, "அக்கா, வீட்டு முன்னாடி கொஞ்சம் இடம் இருக்கு, மல்லி வைக்கலாம்னு பாக்குறேன். நீங்கதான் ரொம்ப நாளா வச்சிருக்கீங்களே, எப்படி இருக்கு?" என்று கேட்டாள். கேட்ட நேரம் சரியில்லை. அவளிடம் வாயால் சொன்னது பாதி. மீதி இது.

நல்ல வெயில் வேண்டும், வேரில் தண்ணீர் தேங்கக் கூடாது, செம்மண் என்றால் உத்தமம். இதெல்லாம் மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என்னுடையது தங்கச்சிமடத்துக் கன்று என்று சொல்லித்தான் விற்றார்கள், ராமேஸ்வரம் பக்கம் மல்லிக் கன்றுக்குப் பேர்போன ஊர் அது. இடம் எட்டுக்குப் பத்தடி, கிழக்குப் பார்த்தது. மல்லியோடு ஒரு செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, இட்லிப்பூ, கம்பியில் ஏறிய சங்குப்பூ, காம்பவுண்டு ஓரமாக டிசம்பர் பூ எல்லாம் இருக்கின்றன. ஆனால் தோட்டம் போட்டதே மல்லிக்காகத்தான். கணக்கும் அப்போதே போட்டுவிட்டேன்: கன்று 40 ரூபாய், சில முழம் பூ எடுத்தாலே போட்ட காசு வந்துவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம்.

கணக்கு எங்கே இடித்தது என்று இரண்டாவது வருஷம்தான் புரிந்தது. மல்லி பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் கொட்டும். அந்த மாதங்களில் தெருவிலும் கொட்டிக்கிடக்கும். முழம் 20 ரூபாய்க்குக் கூவிக்கூவி விற்பார்கள். இருட்டினால் அதையும் குறைத்துக் கொடுப்பார்கள். மார்கழி, தையில் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டி ஓடும்போது என் செடி மொட்டையாக நிற்கும். இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் பனி விழுந்து மொட்டு வைக்காததால்தானே மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஏறுகிறது? அதே பனி என் வீட்டுச் செடி மேலும்தான் விழுகிறது. இந்தச் சின்ன விஷயம் கன்று வாங்கிய அன்று எனக்கு உறைக்கவில்லை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மல்லி, ஊர் முழுக்க அதே பேச்சு, ஆனாலும் ஒருத்தர் வாயைத் திறந்து, "பூ மலிவா கிடைக்கிறப்போதான் உன் செடியும் பூக்கும்" என்று சொல்லவில்லை.

சித்திரையில் மூன்று செடியும் சேர்ந்து ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு மொட்டு தரும். நெருக்கமாகக் கட்டினால் ஒரு முழத்துக்கு 150 மொட்டு வரை போகிறது, எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆக, தினம் இரண்டு முழத்துக்கு மேல். வீட்டில் பூ வைப்பது நானும் அத்தையும்தான். அத்தை ஒரு கிள்ளுதான் வைப்பார். மீதியை அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால், அவர்கள் வீட்டிலும் மல்லி கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். போன வைகாசியில் நான் ஒரு கிண்ணம் மொட்டு எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போக, அந்த அம்மா ஒரு கிண்ணம் மொட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். நடுத்தெருவில் நின்று இரண்டு பேரும் சிரித்துவிட்டுத் திரும்பினோம்.

செடியை ஏமாற்றியும் பார்த்தேன். மல்லிக்கு வழக்கமாகக் கவாத்து கார்த்திகையில்தான், அதாவது நவம்பர் கடைசி வாரம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டி, காய்ந்த கிளைகளை நீக்கி, எரு வைத்தால் வெயில் ஏறும்போது துளிரிலிருந்து மொட்டு வரும். நான் அதிபுத்திசாலித்தனமாக ஆவணியிலேயே வெட்டினேன், மார்கழியில் பூத்துவிடும் என்று. துளிர் நன்றாகத்தான் வந்தது. இலை பளபளவென்று இருந்தது. அப்புறம் ஐப்பசி மழை. மார்கழியில் பூத்தது மொத்தமே ஒரு கைப்பிடி இருக்கும், அதுவும் மெலிந்த மொட்டு. அடுத்த கோடையில் வரவேண்டியதும் பாதியாகக் குறைந்தது. தெருமுனைப் பூக்கார அக்காவிடம் புலம்பினால், "மார்கழியில பூ வேணும்னா காக்கட்டான் வையி தாயி, அதுக்கு வாசம் கிடையாது, சொல்லிப்புட்டேன்" என்றார். வாசம் இல்லாத பூவுக்கு நான் எதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்?

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், பூக்கும் காலத்திலும் சும்மா கிடைக்காது. ஊதா மொட்டு என்று ஒன்று இருக்கிறது. வெள்ளையாக இருக்கவேண்டிய மொட்டு அடியில் வீங்கி, ஊதா நிறமாகி, விரியாமலே காய்ந்து விழும். முதல் தடவை பார்த்தபோது வேறு ரகம் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிய்த்துப் பார்த்தால் உள்ளே பொடிப்பொடியாகப் புழு. கொசு மாதிரி ஒரு சின்ன ஈ மொட்டில் முட்டை வைக்கிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கீழே மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகி எழும்பி வருகிறது. அதனால் மேலே மட்டும் மருந்து அடித்துக்கொண்டிருந்தால் தீராது. ஊதா மொட்டைக் கண்டதும் கிள்ளிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், செடிக்கடியில் போடக்கூடாது. வாரம் ஒரு தடவை தூர் மண்ணைக் கிளறிவிட்டு வேப்பம் பிண்ணாக்கு போட வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலத்தில் அடிப்பேன், அவ்வளவுதான். தலையில் வைக்கிற பூ, சாமிக்குப் போடுகிற பூ. கடை மருந்தை அடித்துவிட்டு அதை முகர்ந்து பார்க்க எனக்கு மனசு வராது. இத்தனையும் செய்து ஊதா மொட்டு குறைந்திருக்கிறது, ஒழியவில்லை.

இலை மஞ்சளாவதும் உண்டு. எங்கள் போர் தண்ணீர் உப்பு. நரம்பு மட்டும் பச்சையாக இருந்து நடுவில் வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் திரும்பிவிடும். இது சுலபம்.

பாம்பு வரும் என்று அத்தை ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இதுவரை வந்தது தவளையும் பக்கத்து வீட்டுப் பூனையும். அடியில் புதராக விடாமல் வைத்திருந்தால் போதும்.

இதையெல்லாம் மீறி ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் பொய் சொன்னதாகிவிடும். முதல் இரண்டு வருஷம் நான் விடிகாலை ஐந்தரைக்கே எழுந்து ஒரு மொட்டு விடாமல் பறித்துவிடுவேன். விடக்கூடாது, ராத்திரி விரிந்து காலையில் பழுத்து உதிர்ந்துவிடும், வீண் என்று நினைப்பு. மூன்றாவது வருஷம் முழங்கால் வலியில் நாலு நாள் குனிய முடியவில்லை. செடி அப்படியே இருந்தது. ஒரு நாள் ராத்திரி ஏழு மணிக்குக் கரண்ட் போனது. புழுக்கம் தாங்காமல் எல்லாரும் வாசலுக்கு வந்தோம். நான் படியில் உட்கார்ந்ததும், வாசம் பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருட்டில் செடி தெரியவில்லை, விரிந்த பூ மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. தெருவில் போனவர்கள் எங்கள் கேட்டுக்கு நேரே வந்ததும் நடையைக் குறைத்தார்கள். சைக்கிளில் போன ஒரு பையன் காலை ஊன்றி நின்று, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வாழைநாரில் கட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்த பூவில் இந்த வாசம் கிடையாது. அது தலைக்கு மட்டும் வருகிற வாசம், இது வாசலுக்கு. அன்றிலிருந்து கேட்டுக்கு இடது பக்கச் செடியைப் பறிப்பதே இல்லை. காலையில் கீழே பழுப்பாக உதிர்ந்து கிடப்பதைக் கூட்டி அள்ளும்போது அத்தை என்னைப் பார்ப்பார், எதுவும் சொல்லமாட்டார்.

ஆனால் இது தை மாதம். அந்த வாசம் வர இன்னும் குறைந்தது இரண்டு மாதம் இருக்கிறது. இந்தத் தடவை மழை நிற்காததால் கவாத்து வேறு மார்கழிக்குத் தள்ளிப்போய்விட்டது. பூவும் மூன்று வாரமாவது பிந்தும். இதே நேரத்தில் காம்பவுண்டு ஓரத்தில் டிசம்பர் பூ ஊதா ஊதாவாகப் பூத்துத் தள்ளியிருக்கிறது. அதற்கு நான் எரு வைத்ததில்லை, மருந்து அடித்ததில்லை, விலை கொடுத்து வாங்கியதுகூட இல்லை. யாரோ வெட்டிப் போட்ட கிளையை ஊன்றியது. பொங்கலன்று சாமி படத்துக்கு அந்தப் பூவைத்தான் போட்டேன். வாங்கிய 100 ரூபாய் மல்லி தலைக்கே சரியாகப் போய்விட்டது.

ஆகவே தங்கைக்கு என் பதில்: வீட்டு மல்லிக்கு ஐந்துக்கு இரண்டு மார்க். செலவை மிச்சம் பிடிக்க மல்லி வைக்காதே, ஒரு ரூபாய் மிச்சமாகாது. இருக்கிற இடத்தில் டிசம்பர் பூவும் நந்தியாவட்டையும் வை, தினமும் சாமிக்குப் பூ இருக்கும், உனக்கும் தலைவலி இல்லை. மல்லி வேண்டுமென்றால் சித்திரையில் கடையில் இரண்டு முழமாக வாங்கிக்கொள், அப்போது விலை மலிவுதான்.

சரி, எனக்கு வேலை இருக்கிறது. பால்காரரிடம் இரண்டு கூடை மக்கிய சாண எரு சொல்லிவைத்திருந்தேன், நாளைக் காலையில் கொண்டு வருகிறார். வெட்டிய கிளையில் துளிர் விரல்நுனி அளவுக்கு வந்துவிட்டது. எரு வருவதற்குள் தூரைக் கொத்திவிட வேண்டும்.