பாலைவன சோலார் பேனல்: தண்ணீர் விட்டுக் கழுவுவதா, உலர் பிரஷ் ரோபோவா?

பாலைவன ஊரில் சோலார் நிலையம் என்றதும் தண்ணீர்ப் பேச்சு முதலில் நிலையத்தின் வகையில் வரும். கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவியால் டர்பைனைச் சுழற்றும் நிலையத்தை நீரால் குளிர்வித்தால், ஒரு மெகாவாட்-மணி மின்சாரத்துக்கு ஏறத்தாழ 3,000 லிட்டர் செலவாகும். காற்றால் குளிர்வித்தால் அதில் 90 சதவீதம் மிச்சம். உச்சி வெயிலில் உற்பத்தி சற்றே குறையும். மொராக்கோவின் வர்சாசாத் வளாகத்தில் நூர் 1 நீரால் குளிர்வது, பின்னால் வந்த நூர் 2, 3 காற்றால் குளிர்பவை. பேனல் நிலையத்துக்கோ குளிர்விக்கத் தண்ணீரே வேண்டாம். எங்களுடையது பேனல் நிலையம்தான். அதனால் மிஞ்சிய கேள்வி ஒன்றே: தூசியை எப்படித் துடைப்பது?

பேனல் வரிசை மேல் ஓடி, தண்ணீர் இல்லாமல் பிரஷால் தூசியைத் தள்ளும் உலர் பிரஷ் ரோபோவை நாங்கள் தேர்ந்தோம். மறுபடி கேட்டாலும் அதையே சொல்வேன். ஊரும் நிலையமும் ஒரே நிலத்தடி நீரை நம்பியிருக்கும் இடத்தில் எனக்கு வேறு முடிவு தோன்றவில்லை.

முதலீடு என்று பார்த்தால் தண்ணீர் முறைதான் மலிவு. டேங்கர், பம்பு, குழாய், நீண்ட கைப்பிடி பிரஷ், நாலைந்து ஆட்கள் இருந்தால் வேலை தொடங்கிவிடலாம். ரோபோவுக்கு வரிசைக்கு ஒன்று வாங்க வேண்டும், அது ஓய்வெடுக்க ஓரத்தில் ஒரு நிறுத்தம் கட்ட வேண்டும். அப்புறம் ஆட்கூலி குறையும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

தண்ணீர்க் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் போட வேண்டும். 500 வாட் பேனல் என்றால் ஒரு மெகாவாட்டுக்கு 2,000 பேனல். பேனலுக்கு 2 லிட்டர் என்று வைத்தால் ஒரு கழுவலுக்கு 4,000 லிட்டர். மாதம் இரண்டு முறை கழுவும் 100 மெகாவாட் நிலையத்துக்கு வருடத்துக்கு 96 லட்சம் லிட்டர். ஆளுக்கு நாளைக்கு 50 லிட்டர் என்றால், 500 பேருக்கு மேல் வருடம் முழுக்கப் புழங்கும் தண்ணீர் அது. பாலைவனத்து போர்வெல் நீர் பெரும்பாலும் உப்பு. அப்படியே அடித்தால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும், அது தூசியை விட மோசம். ஆர்.ஓ. வைத்தால் உள்ளே போகும் நீரில் ஒரு பங்கு கழிவாக வெளியேறும், ஆகவே இறைக்கும் அளவு இன்னும் கூடும். ராஜஸ்தானின் பட்லா பூங்கா 2,245 மெகாவாட். இதே கணக்கில் அதை ஒரே ஒரு தடவை கழுவவே 90 லட்சம் லிட்டர் வேண்டும்.

ஆனால் இந்த வருடக் கணக்கு மட்டும் எங்களை முடிவுக்குக் கொண்டுவரவில்லை. விவசாயத்துக்குப் போகும் நீரோடு ஒப்பிட்டால் இது அற்பம் என்று தண்ணீர் முறைக்காரர்கள் சொல்வார்கள். அதுவும் சரிதான். எங்களுக்கு முடிவைச் சொன்னது மாதக் கணக்கு. புழுதிக்காற்று எப்போது அடிக்கிறது? மழைக்கு முந்தைய கோடையில். கிணறு எப்போது கீழே போகிறது? அதே கோடையில். பேனலை அதிகம் கழுவ வேண்டிய வாரமும் ஊரில் குடத்தோடு வரிசை நிற்கும் வாரமும் ஒன்றாகவே வரும். மாதம் இரண்டு கழுவல் என்பது சராசரி. புழுதிப் புயல் அடித்தால் அந்த மாதம் நான்காகும். அப்போது டேங்கர் எந்தப் பக்கம் போகும் என்று யாராவது ஒருவர் முடிவு செய்ய வேண்டும். மின்சாரத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது, குறைந்தால் அபராதம் இருக்கிறது. குடத்துக்கு அப்படி எதுவும் இல்லை. நல்ல எண்ணம் உள்ள நிர்வாகம்கூட அந்த நெருக்கடியில் எந்தப் பக்கம் சாயும் என்று யோசித்துப் பாருங்கள். ரோபோ அந்தப் போட்டியையே எடுத்துவிடுகிறது. புயல் அடித்த மறுநாள் அதை இரண்டு முறை ஓட்டினால் யாருடைய குடமும் குறையாது.

வேறொரு லாபமும் உண்டு. தண்ணீரோடு ஆட்கள் வரும்வரை தூசி காத்திருக்கிறது. ரோபோ தினமும் ஓடுகிறது. சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழக்கூடும் என்பதால் கழுவலுக்குக் கிடைப்பது விடியற்காலையும் இரவும்தான். இஸ்ரேலின் அராவா பாலைவனத்தில் கெதூரா என்ற கூட்டு வாழ்வுக் கிராமத்தை ஒட்டிய சிறு நிலையம் 2014-லேயே தண்ணீர் இல்லாத ரோபோவுக்கு மாறியது. இது நேற்று வந்த பரிசோதனை இல்லை.

ரோபோவின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரிய எதிரி பனி. பாலைவன இரவின் பின்பாதியில் பேனலில் ஈரம் படியும். அந்த நேரத்தில் பிரஷ் ஓடினால் தூசி குழைந்து, வெயில் ஏறியதும் சிமென்ட் பூச்சு மாதிரி இறுகிவிடும். அதனால் நாங்கள் பொழுது சாய்ந்ததும் ஓட்டி முடித்துவிடுகிறோம். ஈரப்பதம் கூடினால் தானாக நிற்கும்படி சென்சாரும் உண்டு. அடுத்தது, பேனல் வரிசை நேராக இருக்க வேண்டும். மண் இறங்கி ஒரு மேசை, அதாவது பேனல்களைத் தாங்கும் சட்டம், சற்றுச் சாய்ந்தாலும் இரு மேசைகளுக்கு நடுவே ரோபோ கடக்கும் பாலத்தில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். மூன்றாவது, பறவை எச்சம். உலர் பிரஷ் அதை எடுக்காது, பரப்பித்தான் விடும்.

கண்ணாடி மேல் உள்ள எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சை பிரஷ் தேய்த்துவிடுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எங்கள் பேனல்களில் இதுவரை கண்ணுக்குத் தெரியும் தேய்மானம் இல்லை. ஆனால் இருபது வருட ஆயுளுக்கு உறுதி சொல்லும் அளவுக்கு எங்கள் நிலையம் பழையதல்ல. வாங்கும் முன் அந்த ரோபோவும் அந்த பிரஷ் இழையும் தன் வாரண்டிக்கு உட்பட்டவை என்று பேனல் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வெயிலோடு திரும்பும் டிராக்கர் பற்றி நான் பேச மாட்டேன். எங்களுடையது நிலையான சாய்வு.

சின்ன நிலையம், வருடத்தில் பல மாதம் மழை, ஊருக்குத் தனி நீர் ஆதாரம் என்று இருந்தால் தண்ணீர் முறையே போதும். ரோபோ போட்ட காசு திரும்பாது.

கட்டுமானத்தில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நிலத்தை முழுக்க மழித்துச் சமன் செய்தால், புழுதி அடங்கத் தெளிக்கும் நீரே பல வருடக் கழுவல் நீரைத் தாண்டிவிடக்கூடும். மேல்மண் உடையாமல் புதர்களை முடிந்தவரை விட்டுவைத்தால் அந்த நீரும் மிச்சம், பேனலில் படியும் தூசியும் குறைவு.

பறவை எச்சத்துக்காக ஒரு சிறிய டேங்கர் மட்டும் வைத்திருக்கிறோம். கோடையில் அதை நிரப்பும் முன் ஊர்த் தண்ணீர்க் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது.