பின் எயார் ஷொக் மாற்றப் போகிறீர்களா? பழைய ஸ்பிரிங்கை கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள்

பனியில் ஓடும் ஸ்நோமொபைல் (ஸ்லெட் என்றும் சொல்வோம்) வைத்திருக்கும் நம்மவர்களுக்கு, முக்கியமாக கனடாவில் ரொறன்ரோ, பாரி பக்கத்தில் அண்மையில் வாங்கியவர்களுக்கு இதை எழுதுகிறேன். பின் சஸ்பென்ஷனை எயார் ஷொக்குக்கு (காற்றடைத்த அதிர்வுதாங்கிக்கு) மாற்றும் எண்ணம் இருந்தால், காசு கட்ட முதல் தயவுசெய்து முழுக்க வாசியுங்கள். எனக்கு இரண்டாயிரம் டொலர் அளவில் போனது. அது போகட்டும். மைனஸ் 27 பாகைக் குளிரில், றோட்டில் இருந்து 18 கிலோமீற்றர் உள்ளே, மனைவியோடு காட்டுக்குள் நின்றேன். இன்னொரு குடும்பம் அப்படி நிற்கக் கூடாது.

நான் பத்தொன்பது வருடம் லொறி ஓடியவன். முதுகுத் தட்டு ஒன்று ஏற்கெனவே விலகியிருக்கிறது. எங்களிடம் இருப்பது இரண்டு பேர் இருந்து போகும் ஸ்லெட். ஹலிபேர்ட்டன் பக்கத்துப் பழைய ரயில் பாதை ட்ரெயில்களில் போனவர்களுக்குத் தெரியும்: குரூமர் வண்டி இரவில் இழுத்துச் சமப்படுத்திவிட்டால் காலையில் தார் றோட்டு மாதிரி இருக்கும். அதே பாதை சனிக்கிழமை மத்தியானம், நூற்றுக்கணக்கான ஸ்லெட் ஓடிய பிறகு, மேடும் பள்ளமுமாக வரிசை வரிசையாகக் கிடக்கும். ஒவ்வொரு மேடும் நேரே முதுகெலும்பில் வந்து இடிக்கும். பின்னால் இருக்கும் மனைவிக்கு அடி இன்னும் கூட. அதனால்தான் எயார் ஷொக் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எயார் ஷொக்கில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நல்ல கம்பனி செய்தது, உங்கள் ஸ்லெட்டுக்கென்றே வந்தது என்றால் அருமையான பொருள். இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ளே அடைத்த காற்றே ஸ்பிரிங் வேலை செய்யும். கைப் பம்பால் காற்றழுத்தத்தை (பிஎஸ்ஐ) கூட்டிக் குறைக்கலாம். தனியப் போனால் குறைக்கலாம், மனைவி ஏறினால் கூட்டலாம். அமுங்க அமுங்க இறுகும் என்பதால் பெரிய மேட்டில் அடி தட்டாமல் பிடிக்கும். பாரமும் குறைவு. நான் ஏமாந்தது பொருளில் இல்லை, விற்ற ஆளில். ஆகவே ஷொக் கம்பனியின் பெயரை இதில் இழுக்கப் போவதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளாமல் கராஜுக்குப் போனேன். ஸ்லெட்டை உந்தும் றப்பர் பட்டிதான் ட்ராக்; அதற்குள் இருக்கும் சட்டத்தை ஸ்கிட் என்பார்கள். அதில் முன்னுக்கு ஒரு ஷொக், பின்னுக்கு ஒரு ஷொக். என்னுடையதைப் போன்ற பல ஸ்லெட்களில் பின்பாரத்தைத் தாங்குவது பின் ஷொக் இல்லை. இரண்டு பக்கமும் சுருண்டு கிடக்கும் தடித்த டோர்ஷன் ஸ்பிரிங் இரண்டும்தான் தாங்குகின்றன. ஷொக் அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும், அவ்வளவுதான். எயார் ஷொக் போடும்போது அந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு வண்டியின் பின்பாரம், உங்கள் பாரம், உங்களுக்குப் பின்னால் இருப்பவரின் பாரம், எல்லாமே ஒரு றப்பர் சீலுக்குள் அடைபட்ட காற்றில் நிற்கிறது. அந்தச் சீல் நல்லதா, பத்து வருடப் பழசா என்பதுதான் முழு விஷயமும்.

கராஜ்காரர் நம்மவர். தமிழில் கதைத்தார், தேத்தண்ணி தந்தார், என் மச்சானின் ஊரில் அவருக்குச் சொந்தமும் இருக்கிறது. எங்கள் இருவரின் நிறையையும் உடுப்போடு சேர்த்து 165 கிலோ என்று கேட்டு எழுதினார். “அண்ணை, பெட்டி உடைக்காத புதுச் சாமான். உங்கட நிறைக்கு வால்வ் பண்ணித்தான் போட்டுத் தாறன்.” (வால்வ் பண்ணுவது என்றால் ஷொக்கின் உள் வேலையை ஆளின் நிறைக்கு ஏற்ப அமைப்பது.) வாட்ஸப்பிலும் இதையே எழுதியிருந்தார். பிறகு என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு செய்திதான். இரண்டு ஷொக்குக்கும் 1,480 டொலர், வேலைக்கூலி 320, 13 வீத எச்எஸ்ரி வரியோடு மொத்தம் 2,034. முழுக்க ஈ-ட்ரான்ஸ்பரில் (வங்கிக் கணக்கில் இருந்து நேரே) அனுப்பினால் வரி இல்லாமல் செய்யலாம் என்றார். நான் மறுத்து ரசீது கேட்டேன். ஆனால் முற்பணமாக 1,000 டொலரை ஈ-ட்ரான்ஸ்பரில் அனுப்பினேன். மிச்சம் 1,034 கிரெடிட் காட்டில். ரசீதில் “ஷொக் 2, வேலை” என்று மட்டும் இருந்தது. புதுசா பழசா, சீரியல் நம்பர் என்ன, ஒன்றும் இல்லை.

எடுக்கப் போன அன்று பழைய ஸ்பிரிங்குகளைக் கேட்டேன். “அண்ணை, அது பழைய இரும்பு. இனி உங்களுக்கு எதுக்கு? நான் எறிஞ்சிட்டன்.” அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவை எறியப்படவில்லை, வேறொருவருக்கு விற்கப்பட்டதாகப் பின்னர் அறிந்தேன்.

முதல் ஓட்டத்திலேயே பின்பக்கம் தாழ்ந்து நின்றது. ஆள் ஏறாமல் பின் பம்பரைத் தூக்கி ஒரு அளவு, இருவரும் ஏறி இருந்து ஒரு அளவு எடுத்தேன். ட்ரெயில் ஓட்டத்துக்கு 3, 4 அங்குலம் இறங்கினால் சரி என்பார்கள்; எனக்குக் கிட்டத்தட்ட 6 இறங்கியது. பின்னுக்குப் பாரம் போனால் முன் ஸ்கீ பனியைப் பிடிக்காது. வளைவில் ஹாண்டிலைத் திருப்புகிறேன், வண்டி நேரே போகப் பார்க்கிறது. பம்பைப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள் இரவு 100 வைத்தது, காலையில் 35.

போன் எடுத்தேன். “குளிருக்குக் காத்து சுருங்கும் அண்ணை, எல்லா எயார் ஷொக்கும் அப்பிடித்தான். கூட்டி அடியுங்கோ.” இந்தப் பதில் உங்களுக்கும் வரும், ஆகவே கொஞ்சம் நின்று பாருங்கள். குளிரில் காற்றழுத்தம் குறைவது உண்மை. ஆனால் எவ்வளவு என்பதைக் கடதாசியில் கணக்குப் பார்க்கலாம். வீட்டுச் சூடு 20 பாகையில் 100 பிஎஸ்ஐ வைத்து, வெளியே மைனஸ் 20இல் விட்டால் 84 அளவில் நிற்கும். பம்பைத் திரும்பப் பூட்டும்போது அதன் குழாய்க்குள்ளும் கொஞ்சக் காற்று போகும், அதனால் இன்னும் சில பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும். எண்பதோ எழுபத்தைந்தோ என்றால் குளிர். முப்பத்தைந்து என்றால் அது ஒழுக்கு. எந்தக் குளிரும் அப்படிச் செய்யாது. எனக்கு அன்று இந்தக் கணக்குத் தெரியாது. நம்மவர் சொல்கிறார் என்று நம்பி, ஒவ்வொரு முறையும் கூட்டி அடித்துக்கொண்டு போனேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. மச்சான் முன்னுக்கு அவருடைய ஸ்லெட்டில், நாங்கள் பின்னுக்கு. காலையில் 110 அடித்துத்தான் வெளிக்கிட்டேன். மத்தியானம் தாண்டியதும் பின்பக்கம் ஒரு பள்ளத்தில் விழுந்தது, பிறகு எழும்பவே இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் அடியில் இருந்து வெட்டுவது போல ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தேன். மனைவி தோளில் தட்டினாள். “இஞ்சேருங்கோ, பின்னால பச்சையா ஏதோ ஒழுகிக்கொண்டு வருது.” திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பனியில், எங்கள் ட்ராக் வந்த வழி முழுக்க, எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலண்ட் சொட்டுச் சொட்டாக. அடுத்த நிமிடம் எஞ்சின் சூட்டு லைற் பத்தியது. நிற்பாட்டிவிட்டேன்.

போனில் சிக்னல் இல்லை. மச்சான் எங்களைக் காணாமல் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. மனைவியை அவரோடு றோட்டுக்கு அனுப்பினேன். ஒன்றரை மணித்தியாலம் தனியே நின்றேன். அவர் வராமல் போயிருந்தால், அன்று நாங்கள் இருவர் மட்டும் போயிருந்தால் என்று நினைக்கையில் இப்போதும் கை நடுங்குகிறது. அடுத்த நாள்தான் ஸ்லெட்டை இழுத்து வந்தோம்.

அந்த ஊரில் சின்னக் கராஜ் வைத்திருக்கும் ஒரு வயதானவர் ஸ்கிட்டைக் கழற்றினார். முதலில் ஒரு அளவுநாடாவை எடுத்து, ஷொக்கின் மேல் துவாரத்தின் நடுவில் இருந்து கீழ்த் துவாரத்தின் நடுவரை அளந்தார். பிறகு என் ஸ்லெட்டுக்கான பாகப் புத்தகத்தைப் பார்த்தார். அரை அங்குலம் கட்டை. துவாரம் உள்ள முனையும் அகலம் குறைவு. இரண்டு பக்கமும் சாதாரண ஹார்ட்வெயார் கடை வாஷர் இரண்டு இரண்டாகச் செருகி இடைவெளியை நிரப்பியிருந்தார்கள். ஒரு வாஷர் ஏற்கெனவே வளைந்திருந்தது. கட்டையான ஷொக் என்றால் முழுக்க அமுங்கும்போதும் கூடுதலாக அமுங்கும். ஸ்கிட் போகக் கூடாத உயரத்துக்கு மேலே போயிருக்கிறது. ட்ராக்கின் பற்கள் மேலே டனல் என்ற கூட்டுக்குள் இருக்கும், கூலண்டைக் குளிர்விக்கும் கூலரில் போய் உரசி, அதை அறுத்துவிட்டன. நான் கேட்ட சத்தம் அதுதான்.

பிறகு அவர் நகத்தால் ஷொக்கின் ஸ்டிக்கரை ஒரு மூலையில் கிளப்பினார். பளபளவென்ற புது ஸ்டிக்கர். அதற்கடியில் உலோகத்தில் பழைய நம்பர் பொறித்திருந்தது, யாரோ அரத்தால் தேய்க்கப் பார்த்து அரைவாசியில் விட்டிருந்தார்கள். காற்றை இறக்கிவிட்டு ஷொக்கை அமுக்கிக் காட்டினார்: தண்டில், சீல் ஏறி இறங்கும் இடத்தில், ஊசியால் குத்தினது போல துருப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள்தான் ஒவ்வொரு அமுக்கத்திலும் சீலை அறுத்திருக்கின்றன. மிஞ்சியிருந்த இலக்கங்களைக் கம்பனிக்கு அனுப்பினோம். வேறு மாடல் ஸ்லெட்டுக்காகப் பல வருடங்களுக்கு முதல் வெளிவந்த ஷொக் என்று பதில் வந்தது. உள்ளே எங்கள் நிறைக்கு வால்வ் பண்ணினதற்கான எந்த அடையாளமும் இல்லை.

காசு விஷயம். கிரெடிட் காட் கம்பனிக்கு அந்த வாட்ஸப் செய்தி, மெக்கானிக் எழுதிய கடிதம், படங்கள் மூன்றையும் அனுப்பினேன். 1,034 டொலரும் திரும்பி வந்தது. ஈ-ட்ரான்ஸ்பர் பண்ணின 1,000 வரவில்லை; ஒருவர் கணக்கில் விழுந்த பிறகு அதைப் பின்னிழுக்க ஏலாது. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழசைப் புதுசு என்று சொல்லி விற்பதை நியாயமற்ற நடைமுறை என்கிறது. ஒப்பந்தம் செய்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் அறிவித்து அதை ரத்துச் செய்யலாம். அப்படி ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. போன் எடுத்தால் “அண்ணை, நம்மவருக்குள்ள ஏன் கடிதம் கிடிதம்” என்கிறார். சிறு உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் பதிந்திருக்கிறேன். கவனியுங்கள்: இந்தச் சட்டம் கடைக்காரருக்குத்தான். இணையத்தில் தனி ஆளிடம் பழைய ஷொக் வாங்கினால் இது உதவாது.

நீங்கள் எங்கே வாங்கினாலும், பூட்ட முதல் ஷொக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். பூட்டிய பிறகு அது ட்ராக்குக்குள் மறைந்துவிடும். பொறித்த நம்பரைப் படம் எடுத்து, அது உங்கள் ஸ்லெட்டின் வருடத்துக்கும் மாடலுக்கும் உரியதா என்று கம்பனியிடமே கேளுங்கள். துவாரத்தில் இருந்து துவாரத்துக்கு நீங்களே அளந்து பாருங்கள். ரசீதில் சீரியல் நம்பரும் “புதியது” என்ற சொல்லும் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். ஸ்பிரிங், அதைத் தாங்கும் துண்டுகள், பழைய ஷொக், எல்லாவற்றையும் பெட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். எயார் ஷொக் சரிவராவிட்டால் திரும்பிப் போக உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான். எனக்கு இல்லாமல் போனதும் அதுதான்.

ஏற்கெனவே பூட்டியவர்கள், குளிர் கராஜிலேயே காற்றடித்து, அதே குளிரில் ஒரு இரவு விட்டு, காலையில் பாருங்கள். பெரிதாக இறங்கியிருந்தால் சவர்க்காரத் தண்ணியை சீலைச் சுற்றியும் வால்விலும் தடவுங்கள், குமிழி வரும். ஆனால் நீங்களாகக் கழற்ற வெளிக்கிட வேண்டாம். வெளிக் காற்றை இறக்கினாலும் உள்ளே நைட்ரஜன் தனியாக அழுத்தத்தில் இருக்கிறது. முகத்தில் அடித்தால் கண் போகும். அது ஷொக் வேலை தெரிந்தவரின் வேலை.

கூலர் திருத்தினது, பழைய ஸ்பிரிங் ஒரு சோடி தேடி வாங்கினது, எல்லாம் சேர்ந்து இன்னும் 900 டொலர் அளவில் வந்தது. அந்த இரண்டு ஷொக்கும், ஒரு மூலை கிளம்பிய ஸ்டிக்கரோடு, வளைந்த வாஷரோடு, நீதிமன்றத்துக்காக ஒரு பெட்டியில் இருக்கின்றன. போன சனிக்கிழமை இரும்பு ஸ்பிரிங்கோடு திரும்பவும் ஹலிபேர்ட்டன் போனோம். இடித்தது, முதுகு நோகத்தான் செய்தது. மனைவி பின்னால் இருந்து, வழி முழுக்க, நிமிடத்துக்கு ஒருதரம் திரும்பிப் பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.