மெட்ரோவா, இலவசப் பயணமா, நெரிசல் கட்டணமா, பஸ் தடமா?

கார்களைக் குறைத்து மக்களைப் பொதுப் போக்குவரத்துக்குக் கொண்டுவர நினைக்கும் மாநகராட்சிகள் பெரும்பாலும் யோசிப்பது இந்த நான்கு வழிகளைத்தான். நான்கையும் ஒரே கேள்வியை வைத்துப் பார்க்கிறேன்: சாலையில் கார் பிடித்துவைத்திருக்கும் இடத்தில் இது கை வைக்கிறதா, இல்லையா?

மெட்ரோ கை வைப்பதில்லை. நெரிசல் மிகுந்த தடத்தில் அது சுமக்கும் கூட்டத்தை வேறெதுவும் சுமக்காது, அதை மறுக்க முடியாது. ஆனால் சுரங்கம் தோண்டி முடிக்கப் பல வருடம் ஆகும். முடிந்த பிறகும் மேலே சாலை பழையபடியே கார்களுக்குத்தான். ரயிலுக்கு மாறியவர்கள் விட்டுப்போன இடத்தைப் புதிய கார்கள் பிடித்துக்கொள்ளும். கார்காரர்களைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதாலேயே அரசியல்வாதிகளுக்கு மெட்ரோ பிடித்துப்போகிறது என்று நினைக்கிறேன்.

இலவசப் பயணமும் சாலையைத் தொடுவதில்லை. எஸ்தோனியத் தலைநகர் டாலின் 2013இல் தன் நகரவாசிகளுக்கு இதைக் கொடுத்தது. லக்சம்பர்க் 2020இல் நாடு முழுக்கவே கொடுத்தது. டாலினில் பஸ் பயணம் கூடியது உண்மை, ஆனால் புதிதாக ஏறியவர்களில் பலர் அதுவரை நடந்துபோனவர்கள். கார் வைத்திருப்பவர் பஸ்ஸைத் தவிர்ப்பது டிக்கெட் காசுக்காக அல்ல, நேரத்துக்காக. மாணவர்கள், முதியவர்கள், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசம் கொடுக்கட்டும், அது நியாயம். மற்றவர்கள் கொடுக்கும் கட்டணத்தில் பஸ்களைக் கூட்டலாம்.

நெரிசல் கட்டணம், அதாவது நெரிசலான பகுதிக்குள் வரும் வண்டிகளிடம் வாங்கும் பணம், நேராகக் காரைத் தொடுகிறது. சிங்கப்பூர் 1975இலேயே தொடங்கியது, லண்டன் 2003இல். என்னை அதிகம் யோசிக்கவைத்தது ஸ்டாக்ஹோம். அங்கே 2005 ஆகஸ்டில் முதலில் கூடுதல் பஸ்களை விட்டார்கள். கார்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. 2006 ஜனவரியில், நகர மையத்துக்கு வரும் வழிகளில் கேமரா வைத்து, நம்பர் பிளேட்டைப் படித்து, நேரத்துக்கேற்ப கட்டணம் போட்டார்கள். எல்லையைக் கடக்கும் வண்டிகள் சுமார் 20% குறைந்தன. ஜூலை இறுதியில் சோதனையை நிறுத்தியதும் வண்டிகள் மறுபடி பெருகின. முன்பு பெரும்பாலும் எதிர்ப்பாக இருந்த நகரவாசிகள், செப்டம்பர் வாக்கெடுப்பில் சிறிய வித்தியாசத்தில் ஆதரித்தார்கள். 2007இல் கட்டணம் நிரந்தரமானது. ஏழைகளைப் பாதிக்குமே என்பார்கள். வசூலாகும் பணம் பஸ்ஸுக்கே போகாவிட்டால் அந்தக் கவலை சரிதான்.

நான் முதலில் கேட்பது பஸ் தடத்தைத்தான், அதாவது சாலையில் பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கிய பாதையை. பிரேசிலின் குரிடிபா 1974இல் வழிகாட்டியது. கொலம்பியாவின் பொகோட்டா 2000இல் அதைப் பெரிதாக்கியது. பொகோட்டா நிலையத்தில் டிக்கெட் விவகாரம் உள்ளே நுழையும்போதே முடிந்துவிடும். நடைமேடையும் பஸ்ஸின் தரையும் ஒரே உயரம். கதவுகள் திறந்ததும் கூட்டம் ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிடும். நிற்கும் பஸ்ஸைத் தாண்டிப்போக இன்னொரு தடமும் உண்டு. மணிக்கு ஒரு திசையில் 40,000 பேருக்கு மேல் போக முடிகிறது என்றால் காரணம் இந்தச் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். நெருக்கடி அங்கேயும் உண்டு, இப்போது பொகோட்டா மெட்ரோவும் கட்டுகிறது. அந்த வரிசை எனக்குச் சரியாகவே படுகிறது: தடம் நிரம்பிய பிறகு ரயில்.

அரைகுறையாகச் செய்தால் தடமும் தோற்கும். டெல்லியில் 2008இல் திறந்தது சுமார் 6 கி.மீ. மட்டுமே. அதைத் தாண்டியதும் பஸ் பழையபடி நெரிசலில் சிக்கியது. சிக்னலில் காத்துக்கிடந்த கார்காரர்களின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. 2016இல் தடத்தையே பெயர்த்துவிட்டார்கள்.

அதனால் தொடங்கும் நகரம் ஒரு முழு வழித்தடத்தை, முனையிலிருந்து முனை வரை, எடுத்துக்கொள்ள வேண்டும். நிறுத்தம் வரை நடக்க நல்ல நடைபாதை வேண்டும். கேமராவும் அபராதமும் முதல் நாளே வேண்டும்; அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பஸ் தடம் சீக்கிரமே பார்க்கிங் ஆகிவிடும்.